கால்நடை மருத்துவம் படித்தால் சோமாலியாவில் வேலை இல்லையா?

"மருத்துவத்துக்கும் கணினிக்கும்தான் வேலை, கால்நடை மருத்துவம் வீண்" என்றொரு பேச்சு சோமாலிய மாணவர்களிடையே சுற்றுகிறது. தவறு. அந்நாட்டு ஏற்றுமதியில் முதலிடமே ஆடு, மாடு, ஒட்டகத்துக்குத்தான். கால்நடைகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலைக் காரணம் காட்டி, அவற்றை இறக்குமதி செய்ய 2000-இல் சவூதி விதித்த தடை 2009 வரை நீடித்தது. மேய்க்கத் தெரிந்தவர்களுக்கா அங்கே பஞ்சம்? பெர்பெரா துறைமுகத்தில் கப்பலேற்றுமுன் ஆடுகளைத் தனியே அடைத்து, ரத்தம் எடுத்து, கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் இருக்கிறதா என்று சோதித்து, சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். அது படித்தவர் வேலை. ஷேக் என்ற ஊரில் இதற்கென்றே கால்நடைத் தொழில்நுட்பப் பள்ளி இருக்கிறது. எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டுமுன் ஆய்வகத்தை நேரில் பார்த்துவிடுவது நல்லது. நுண்ணோக்கியில் தூசி படிந்திருந்தால் பாடம் கரும்பலகையோடு சரி.