11 போர்ட் இருக்குன்னு கத்துறீங்களே, அந்த ஒத்தை ஒயர்ல எவ்வளவு போகும்னு சொன்னீங்களா?

லேப்டாப்போட ஒத்தை டைப்-சி போர்ட்ல சொருகி, மானிட்டர், கீபோர்டு, ஹார்டு டிஸ்க்னு எல்லாத்தையும் அது வழியா மாட்டிக்கிறதுக்குப் பேரு டாக்கிங் ஸ்டேஷன், சுருக்கமா டாக். அதோட பெட்டி எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. '11 இன் 1', '13 இன் 1'ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். பக்கத்துல ரெண்டு மானிட்டர் ஜொலிக்கிற படம். தங்கக் கலர்ல '4கே'. இப்போ பெட்டியைத் திருப்புங்க. பார்கோடுக்குக் கீழ, எறும்பு ஊர்ற சைஸ்ல ஒரு வரி: '4கே @ 30 ஹெர்ட்ஸ்'. அதாவது திரையில படம் நொடிக்கு 30 தடவைதான் மாறும். ரெண்டாவது மானிட்டரையும் சொருகினா அதுவும் கிடையாது, 1080பி-க்கு இறங்கிடும். இதை முன்பக்கம் போட்டா எவனும் வாங்க மாட்டான்னு அவனுங்களுக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் அங்க ஒளிச்சு வெச்சிருக்கானுங்க.

30 ஹெர்ட்ஸோட கொடுமை நேர்ல பாத்தாதான் புரியும். மவுஸ் அம்புக்குறி வழுக்கிப் போகாது, தாவித் தாவிப் போகும். எக்செல்லைக் கீழ இறக்கினா வரிசையெல்லாம் கலங்கும். 'புது மானிட்டர் சரியில்ல'ன்னு மானிட்டரைத் திருப்பி அனுப்புறவங்க இருக்காங்க. பாவம், அது என்ன பண்ணும்? விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அப்புறம் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேன்னு போங்க. எந்த மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்ல ஓடுதுன்னு அங்க இருக்கும். மானிட்டரும் எச்டிஎம்ஐ கேபிளும் 4கே 60 தாங்கக்கூடியதா இருந்தும் அந்தப் பட்டியல்ல 60-ஏ இல்லேன்னா, முட்டுக்கட்டை நடுவுல இருக்கு.

ஏன் இப்படின்னு பெட்டியில போடாத கணக்கை நானே போடுறேன். டைப்-சி போர்ட்ல 24 பின். வேகமான டேட்டா போறதுக்கு அதுல 4 தடம். அது போக, பழைய யூஎஸ்பி 2.0-க்குன்னு தனியா ஒரு ஜோடி ஒயர், 480 எம்பிபிஎஸ். மொத்த சொத்தே இவ்வளவுதான். பெரும்பாலான டாக், 2 தடத்தை மானிட்டருக்கும் 2 தடத்தை யூஎஸ்பி 3-க்கும் பாகம் பிரிச்சுடும். படத்தை அனுப்புற முறைக்குப் பேரு டிஸ்ப்ளேபோர்ட். அதோட 1.2 பதிப்புல ஒரு தடத்துக்கு 5.4 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஜிகாபிட்), டேட்டாவைக் குறியீடா மாத்துற செலவு போகக் கையில நிக்கிறது 4.32. ரெண்டு தடம் சேர்ந்தா 8.64. 4கே படத்தை 60 ஹெர்ட்ஸ்ல அனுப்ப சுமார் 12.5 வேணும். எப்படி நுழையும்? நுழையாது. அதான் 30.

1080பி மானிட்டர்னா 60 ஹெர்ட்ஸ்ல ஒண்ணுக்கு சுமார் 3.3. ரெண்டு தாராளமா ஓடும், மூணாவது இடிக்கும். 1440பி-க்கு 5.8, ஒண்ணு போகும், ரெண்டு போகாது. லேப்டாப், டாக் ரெண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ஆ இருந்தா ரெண்டு தடத்துல 12.96 கிடைக்கும். 4கே 60 மயிரிழையில நுழைஞ்சிடும். ரெண்டுல ஒண்ணு பழசா இருந்தாலும் திரும்ப 8.64-தான். இந்த நாலு வரியைப் பெட்டியில போட எவ்வளவு மை செலவாகும்?

இன்னொரு ரகம் இருக்கு. 4 தடத்தையும் மானிட்டருக்கே தாரை வார்த்துடும். 4கே 60 ஜம்முன்னு வரும். பக்கத்துல யூஎஸ்பி போர்ட் நீலக் கலர்ல பெருமையா நிக்கும், உள்ள ஓடுறது அந்த 480 எம்பிபிஎஸ்தான். எஸ்எஸ்டி-யில 100 ஜிபி காப்பி பண்ணினா முக்கால் மணி நேரம். அதே எஸ்எஸ்டி-யை லேப்டாப்ல நேரா சொருகினா அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடியும். மொட்டைமாடி டேங்கிலிருந்து அரை இஞ்ச் பைப் ஒண்ணை இறக்கிட்டு வீட்டுக்குள்ள 11 குழாய் மாட்டிக் குடுத்தா அந்த பிளம்பரை நாம சும்மா விடுவோமா? இவனுங்களுக்கு மட்டும் அஞ்சு ஸ்டார் ரேட்டிங்!

டாக் விக்கிறவனை மட்டும் திட்டினா நியாயம் இல்ல. லேப்டாப் கம்பெனிகளும் சளைச்சவங்க இல்ல. டைப்-சி வடிவம் வந்தது 2014-ல. இன்னிக்கும் பட்ஜெட் லேப்டாப்கள்ல வெறும் டேட்டாவுக்கு மட்டும் ஒரு டைப்-சி போர்ட் வெச்சு விக்கிறாங்க. படமும் வராது, சார்ஜும் ஏறாது. பாக்க அதே ஓட்டைதான். கடையில கேட்டா 'எல்லா லேப்டாப்புக்கும் செட் ஆகும் சார்'னு கண்ணை மூடிக்கிட்டு சொல்றாங்க. ஆகாது. போர்ட் பக்கத்துல மின்னல் குறி இருந்தா தண்டர்போல்ட், அதுலயும் படம் வரும். டி-யும் பி-யும் பின்னின மாதிரி ஒரு குறி இருந்தா டிஸ்ப்ளேபோர்ட், படம் வரும். ஒரு குறியும் இல்லேன்னா குறியை நம்பாதீங்க. அடிப்பக்க ஸ்டிக்கர்ல இருக்கிற முழு மாடல் நம்பரை வெச்சு தயாரிப்பாளரோட ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்டைத் தேடுங்க. 'டிஸ்ப்ளேபோர்ட்' இல்லாட்டி 'தண்டர்போல்ட்'ங்கிற வார்த்தை டைப்-சி வரியில இருக்கணும். இல்லேன்னா டைப்-சி வழியா நேரா படம் அனுப்புற எந்த டாக்கும் உங்களுக்கு வெறும் யூஎஸ்பி ஹப்தான்.

வேகத்தோட பேரு? அதைப் பத்திப் பேசினாலே ரத்தம் கொதிக்குது. அதே 5 ஜிபிபிஎஸ்ஸுக்கு யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1-ன்னு மூணு ஞானஸ்நானம். பேரை விடுங்க, 5-ஆ 10-ஆ 40-ஆன்னு எண்ணை மட்டும் பாருங்க.

கேபிள்ல கோட்டை விடுறவங்க இன்னும் அதிகம். போன் பெட்டியில வர்ற டைப்-சி கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கும் யூஎஸ்பி 2.0-க்கும் மட்டும்தான். அதை டாக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல போட்டா சார்ஜ் ஏறும், கீபோர்டு வேலை செய்யும், மானிட்டர் மட்டும் செத்த மாதிரி கிடக்கும். அப்புறம் டிரைவரை நாலு தடவை அழிச்சுப் போடுவோம், ஒயரை சந்தேகப்பட மாட்டோம். நீளம் பத்தலைன்னு டைப்-சி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குறதும் வேணாம். அப்படி ஒரு கேபிளை டைப்-சி தரமே அனுமதிக்கல, ஆனா கடையில கொத்துக் கொத்தா தொங்குது.

மேக்புக் வெச்சிருக்கவங்களுக்குத் தனிக் குழி வெட்டி வெச்சிருக்காங்க. சாதாரண எம்1, எம்2 சிப்புக்கு வெளி மானிட்டர் ஒண்ணுதான், டாக்ல எத்தனை எச்டிஎம்ஐ இருந்தாலும் சரி. எம்3 ஏர்ல ரெண்டு வரும், மூடியைச் சாத்தி வெச்சா. எம்4-லதான் திறந்து வெச்சே ரெண்டு. இதுக்கு மேல, ஒரே டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலைப் பிரிச்சுத் தனித்தனிப் படம் குடுக்குற எம்எஸ்டி முறையை மேக்ஓஎஸ் ஏத்துக்கிறதே இல்ல. விண்டோஸ்ல ரெண்டு தனித் திரை காட்டுற அதே டாக், மேக்ல ரெண்டு மானிட்டர்லயும் ஒரே படத்தைக் காட்டும். பெட்டியில 'மேக் சப்போர்ட்'னு போட்டிருப்பான். சப்போர்ட்தான், ஒண்ணையே ரெண்டு தடவை பாக்கலாம்.

அதுக்கு மாத்து டிஸ்ப்ளேலிங்க் சிப் வெச்ச டாக். படத்தைச் சுருக்கி யூஎஸ்பி டேட்டாவா அனுப்புறதால மேக்புக் சிப்போட மானிட்டர் எண்ணிக்கை வரம்பைத் தாண்டலாம். வேர்டு, எக்செல், மெயிலுக்கு நல்லாவே வேலை செய்யும். ஆனா டிரைவர் போடணும். மேக்ல 'ஸ்க்ரீன் ரெக்கார்டிங்' அனுமதி கேக்கும், குடுக்கலேன்னா திரை கறுப்பு. நகலெடுக்க முடியாதபடி பூட்டு போட்ட ஓடிடி படங்கள் மேக்ல அந்த மானிட்டர்ல ஓடாது. சுருக்குற வேலை பிராசசர் தலையில விழுறதால ஃபேன் கத்தும். ஆபீஸ் லேப்டாப்ல டிரைவர் போட அட்மின் பாஸ்வேர்டு வேற வேணும். வாங்குறதுக்கு முன்னாடி ஐடி டீம்கிட்ட கேட்டுடுங்க.

சரி, கரண்டுக்கு வருவோம். இங்கதான் நம்ம ஊர் ஆளுங்க அதிகமா அடி வாங்குறாங்க.

டாக்ல சார்ஜரை மாட்டினா அதே ஒயர்ல லேப்டாப்புக்கும் சார்ஜ் போகும், அதுக்குப் பேரு பவர் டெலிவரி. பெட்டியில '100 வாட் பிடி'ன்னு போட்டிருக்கும். 100 வாட் உள்ள போகும், அதுல 15 வாட் வரைக்கும் டாக் தனக்குன்னு எடுத்து வெச்சுக்கும். லேப்டாப்போட வந்த 65 வாட் சார்ஜரை டாக்ல சொருகினா லேப்டாப்புக்கு 50 வாட் பக்கம்தான் போய்ச் சேரும். 'ஸ்லோ சார்ஜர்'னு விண்டோஸ் புலம்பும், வேலை நடக்கும்போதே பேட்டரி இறங்கும். 65 வாட் லேப்டாப்புக்கு 100 வாட் சார்ஜர் போடுங்க, ஒண்ணும் வெடிக்காது, லேப்டாப் கேக்குறதைத்தான் சார்ஜர் குடுக்கும். சார்ஜர் பெருசா இருந்தும் 60 வாட்டுக்கு மேல ஏறலேன்னா, எவ்வளவு கரண்ட் தாங்கும்னு சொல்ற இ-மார்க்கர் சிப் பெரும்பாலும் அந்தக் கேபிள்ல இருக்காது. அந்த சிப் இல்லாத கேபிள் 3 ஆம்பியரோட நின்னுடும். 100 வாட்டுக்கு 5 ஆம்பியர் கேபிள் வேணும். 230 வாட் அடாப்டர் கேக்குற கேமிங் லேப்டாப்னா இந்த ஆட்டத்துக்கே வராதீங்க, அதோட உருண்டை பின் சார்ஜர் தனியா மாட்டியே இருக்கட்டும்.

இப்போ கரண்ட் போச்சுன்னு வைங்க. லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகாது, பேட்டரி இருக்கு. ஆனா சார்ஜர் செத்த அந்த நொடியில டாக் யார்கிட்ட கரண்ட் வாங்குறதுன்னு லேப்டாப்போட புதுசா பேரம் பேச ஆரம்பிக்கும். பல டாக்கு அந்த இடைவெளியில எல்லாத்தையும் கழட்டி விட்டுடும். டாக்கோட குட்டி விளக்கு அணைஞ்சு எரியும், 'டுடுங் டுடுங்'னு விண்டோஸ் சத்தம் வரும், மானிட்டர் ரெண்டும் கறுப்பாகும். திரும்பி வரும்போது ரெண்டு திரையில பரப்பி வெச்ச விண்டோ எல்லாம் லேப்டாப் திரையில குவிஞ்சு கிடக்கும். மீட்டிங்ல இருந்தா நெட்டும் போச்சு, மைக்கும் போச்சு. ஹார்டு டிஸ்க்ல காப்பி ஓடிட்டிருந்தா பாதி ஃபைல் பல்லிளிக்கும், சில சமயம் டிஸ்க்கையே சரிபார்க்கச் சொல்லிக் கேக்கும்.

வீட்ல இன்வெர்ட்டர் இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க. பல இன்வெர்ட்டர்கள்ல 'யூபிஎஸ்', 'நார்மல்' இல்லாட்டி 'ஈகோ'ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மல்ல மாறுற நேரம் அதிகம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும், சார்ஜர் தாங்காது. யூபிஎஸ் பக்கம் தள்ளி வைங்க. அப்பவும் டாக் அணைஞ்சா டாக் சார்ஜருக்கும் மோடத்துக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் தனியா. காப்பி ஓடும்போது டாக்ல இருந்து சார்ஜரைப் பிடுங்கவோ சொருகவோ கூடாது. பேக்கப் எடுக்குற டிஸ்க்கை டாக்ல மாட்டவே மாட்டாதீங்க, லேப்டாப்ல நேரா மாட்டுங்க. சார்ஜர் இல்லாத குட்டி ஹப்ல சுத்துற ரக ஹார்டு டிஸ்க் ரெண்டு மாட்டினா 'டிக் டிக்'னு சத்தம் வந்து காணாமப் போகும். பழுதாகல, கரண்ட் பத்தல. சத்தம் வந்ததும் கழட்டிடுங்க.

மவுஸ் திக்குதா? யூஎஸ்பி 3 போர்ட்டும் ஒயரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும்னு இன்டெல் 2012-லேயே அறிக்கை போட்டாச்சு. வயர்லெஸ் மவுஸுக்காக யூஎஸ்பி-ல சொருகுற குட்டி டாங்கிள் பேசுறதும் அதே 2.4-லதான். இத்தனை வருஷம் கழிச்சும் டாங்கிளுக்குன்னு ஒதுக்கின யூஎஸ்பி 2.0 போர்ட்டை, எஸ்எஸ்டி மாட்டுற போர்ட்டுக்கு விரல்கடை தூரத்துல வெக்கிறான். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மவுஸ்பேட் பக்கத்துல கொண்டு வாங்க. பெரும்பாலும் அதோட தீர்ந்துடும்.

நெட் கேபிள் மாட்டுற லேன் போர்ட்ல அரை மணிக்கு ஒரு தடவை நெட் அறுந்தா, டிவைஸ் மேனேஜர்ல அந்த யூஎஸ்பி ஈதர்நெட்டைத் திறந்து, பவர் மேனேஜ்மெண்ட் டேப்ல, மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைக்கலாம்ங்கிற டிக்கை எடுங்க. யூஎஸ்பி ரூட் ஹப்புக்கும் அதையே செய்யுங்க. ஆபீஸ்ல வேற வில்லங்கம் உண்டு. சில டாக்கோட ஈதர்நெட் சிப், லேப்டாப் தூங்கின பிறகு 'பாஸ் ஃபிரேம்'னு நிறுத்தச் சொல்ற சிக்னலை நிக்காம கொட்டும். அதைக் கேட்டு, எல்லார் நெட் கேபிளும் வந்து சேருற நெட்வொர்க் ஸ்விட்ச் திணறி, அந்த வரிசையில உக்காந்திருக்கவங்க எல்லாருக்கும் நெட் போகும். யார் மேசையில இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஐடி ஆளு பைத்தியமாயிடுவான். அந்த சிக்னலுக்குக் கட்டுப்படுற ஃப்ளோ கண்ட்ரோலை ஸ்விட்ச்ல அணைக்கணும், டாக்குக்குள்ளேயே ஓடுற மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கணும்.

ஃபர்ம்வேர்! அதைப் பல கம்பெனி விண்டோஸுக்கு மட்டும்தான் தரான். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனா டாக் செங்கல்லாயிடும்னு ஒரு எச்சரிக்கை வேற. மேக்புக்காரங்க இந்த டாக்கைச் சரி பண்ண, டைப்-சி உள்ள ஒரு விண்டோஸ் லேப்டாப்பை எவர்கிட்டயாவது கெஞ்சி வாங்கிட்டு வரணும். வாங்கும்போதே தயாரிப்பாளர் தளத்துல ஃபர்ம்வேர் பக்கம்னு ஒண்ணு இருக்கா, கடைசியா எந்த வருஷம் போட்டிருக்கான்னு பாருங்க. பக்கமே இல்லாத பிராண்டுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க.