இயங்குதளத்தைக் கடைசியாக மாற்றுங்கள்

விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. மாறப் போய்ப் பாதியில் திரும்பி வந்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

திரும்பி வந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றியவர்கள். காலையில் புது இயங்குதளம், மதியம் பழகாத மென்பொருள், சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய வேலை. யாருக்குமே வெறுத்துப் போகும்.

நான் வரிசையைத் திருப்பிப் போட்டேன். விண்டோஸில் இருந்துகொண்டே மூன்று மாதம் எழுத்து வேலைக்கு லிப்ரேஆபீஸ், இணையத்துக்குப் பயர்பாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட், படம் பார்க்க விஎல்சி என்று பழகினேன். இவையெல்லாம் இரண்டு பக்கமும் ஓடுபவை. அப்புறம் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்டைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லைவாக, அதாவது கணினியில் நிறுவாமலேயே, ஓட்டிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே வைஃபை, ஒலி, பிரிண்டர், மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். கடைசியில் நிறுவிய அன்று எனக்குப் புதிதாக இருந்தது மெனுவும் கோப்புறைகளும் மட்டும்தான். அன்று சாயங்காலமே வழக்கம்போல் வேலை நடந்தது.

என்னை உலுக்கியது வேறு. அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த அவருடைய நினைவுக் குறிப்புகள், அறுபது பக்கம் இருக்கும். புதுக் கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கை நடுங்கிவிட்டது. கோப்பு கெடவில்லை. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருந்தது எப்போதுமே ஆங்கிலக் குறியீடுதான். அந்த எழுத்துரு இருந்தவரை தமிழாகத் தெரிந்தது, அவ்வளவுதான். எழுத்துருவை நிறுவியதும் தமிழ் திரும்பி வந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எந்தக் கணினியும் தமிழாகவே புரிந்துகொள்ளும் யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றும் மாற்றியில் போட்டு எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்துத் திருத்தினேன். இரண்டு வாரம் ஆனது.

பழைய எழுத்துருக்களில் கதையும் கடிதமும் வைத்திருப்பவர்கள் லினக்ஸுக்கு மாறினாலும் மாறாவிட்டாலும் இந்த வேலையை இப்போதே செய்துவிடுங்கள். நம்மைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான். லிப்ரேஆபீஸின் ஓடிடி (.odt) கோப்பு போன்ற திறந்த வடிவத்தை எந்த மென்பொருளும் படிக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தட்டச்சுக்கும் கவலையில்லை. ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைத்துவிடும்.

எல்லோரும் மாறியே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். போட்டோஷாப்பில்தான் பிழைப்பு என்றால் மாறாதீர்கள், அது லினக்ஸுக்கு வரவில்லை. மேக்ரோ (உள்ளே எழுதிய சிறு நிரல்கள்) நிறைந்த எக்செல் கோப்புகளும் படுத்தும். ஏமாற்றுத் தடுப்பு வைத்த சில ஆன்லைன் விளையாட்டுகள் ஓடாது. டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் பூட்டியிருந்தால், எதையும் தொடுவதற்கு முன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளி டிஸ்க்கில் ஒரு நகல் கட்டாயம்.

ஆனால் நன்றாக ஓடும் கணினியை ஓரங்கட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலிகளும் கேட்கிறது. அதனால் பல கணினிகள் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. மின்ட் 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். சுதந்திரமான இயங்குதளம் ஒன்றை உருவாக்க 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கெர்னல் என்ற மையப்பகுதியும் சேர்ந்து வளர்ந்த பொதுச்சொத்து லினக்ஸ். அந்தக் கணினிகளுக்கு இன்னும் சில வருட ஆயுளை அது தரும்.

அப்பாவின் குறிப்புகள் இப்போது என் போனிலும் திறக்கின்றன. நேற்று தேடுபெட்டியில் பாட்டியின் பெயரை அடித்தேன். பதினொரு இடத்தில் வந்தது.