அவளால் மறுக்க முடிகிறதா?

மசாஜ் சென்டரில் விபச்சாரம், புரோக்கர் கைது, அழகிகள் மீட்பு. இந்தச் செய்தியைப் படிக்காத தமிழர் இருக்க முடியாது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போலீஸ் வேனில் ஏறும் பெண்களின் படமும் கூடவே வரும். காசு கொடுத்து உள்ளே போனவர் யார் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்காது.

அந்தரங்கத்தைக் காசுக்கு விற்பது சரியா, தவறா என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவளால் மறுக்க முடிகிறதா? இன்றைக்கு வேண்டாம், இந்த ஆள் வேண்டாம், ஆணுறை இல்லாமல் வேண்டாம், இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடி வாங்காமல், பட்டினி கிடக்காமல் இருக்க முடிகிறதா? சிறுமிகள், கடத்தி வரப்பட்ட பெண்கள் விஷயத்தில் விவாதமே கிடையாது. அது குற்றம்.

மறுக்கும் தைரியம் ஒருத்திக்குத் தானாக வந்துவிடாது. கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியைப் பாருங்கள். டாக்டர் ஸ்மரஜித் ஜானா 1992இல் எச்.ஐ.வி. தடுப்பு வேலைக்காக அங்கே போனார். ஆணுறையை இலவசமாகக் கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும். ஆனால் ஒருத்தி ஆணுறை கேட்டால் வந்தவன் பக்கத்து அறைக்குப் போய்விடுவான். அவளுக்கோ அறை வாடகை கட்ட வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், வட்டிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். தெருவே சேர்ந்து மறுத்தால்தான் ஒருத்தியால் மறுக்க முடியும். அப்படித்தான் 1995இல் அந்தப் பெண்களின் துர்பார் என்ற சங்கம் பிறந்தது. அதே ஆண்டு உஷா என்ற பெயரில் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கினார்கள்.

அதைப் பதிவு செய்யப் போனபோது, உறுப்பினர்கள் நல்லொழுக்கம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று எழுதிக் கொடுங்கள், பதிவு செய்துவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். அந்தப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அரசுதான் இறங்கி வந்தது. வங்கிக் கணக்குத் திறக்க வழியில்லாதவர்களின் கைக்குச் சேமிப்புக் கணக்குப் புத்தகம் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கந்துவட்டிக்காரனிடம் ஓட வேண்டியதில்லை. குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்பவனை அன்றைக்கு உள்ளே விடாமல் கதவைச் சாத்தலாம்.

முதலாளித்துவத்தில் சுதந்திரமான சம்மதம் என்று ஒன்றே கிடையாது, வயிறுதான் கையெழுத்துப் போடுகிறது என்று இடதுசாரி நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிற பெண்ணுக்கும் வயிறுதான் கையெழுத்துப் போடுகிறது. அவளுக்காகக் கூலி உயர்வு கேட்கிறோம், சங்கம் கேட்கிறோம், பி.எஃப். கேட்கிறோம். இவளுக்கு மட்டும் போலீஸை அனுப்புகிறோம். உடம்பைத் தொட விடுவதும் நூல் நூற்பதும் ஒன்றல்ல என்பார்கள். ஒன்றல்லதான். மனதில் விழும் காயம் வேறு. அதனால்தான் மற்ற எந்தத் தொழிலையும் விட இங்கே மறுக்கும் உரிமை பலமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

நியூசிலாந்து 2003இல் இயற்றிய சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், எந்த நிமிடத்திலும் அவள் மறுக்கலாம். பாலியல் தொழில் விடுதி நடத்தியவர் ஆபாசமாகப் பேசித் தொல்லை கொடுத்தார் என்று ஒரு பெண் புகார் செய்ய, 2014இல் அங்குள்ள மனித உரிமைத் தீர்ப்பாயம் அவளுக்கு 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு இந்தத் தொழிலுக்கு அனுமதி இல்லை என்பது அந்தச் சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை. ஸ்வீடன் 1999 முதல் விற்பவளை விட்டுவிட்டு வாங்குபவனைத் தண்டிக்கிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் போலீஸுக்குப் பயந்த வாடிக்கையாளர் அவசரப்படுத்துவான். வந்தவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்து முடிவெடுக்க அவளுக்கு இருக்கிற கொஞ்ச நேரமும் போய்விடும்.

உங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்புவீர்களா என்று கேட்பவர்களுக்கு: அனுப்ப மாட்டேன். யார் வீட்டுப் பெண்ணும் வேறு வழியில்லாமல் அங்கே போகக் கூடாது என்றுதான் விரும்புகிறேன். ஆனால் என் வீட்டுப் பெண் அங்கே இருந்தால், அவளை வேனில் ஏற்றும் சட்டம் வேண்டுமா, வட்டிக்காரனிடமிருந்து விடுவிக்கும் கூட்டுறவு வேண்டுமா? எனக்குக் கூட்டுறவுதான் வேண்டும்.

நம் 1956ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின்படி, தொழிலுக்கு ஆள் அழைத்த பெண்ணுக்கு முதல் தடவையே ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரை. பெண்ணைச் சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்த இல்லத்தில் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை அடைத்து வைக்கவும் வழி இருக்கிறது. இவர்களைப் போலீஸ் கண்ணியமாக நடத்த வேண்டும் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முகவரிச் சான்று இல்லாமலே ஆதார் கிடைக்கவும் வழி செய்தது. நல்ல உத்தரவு. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது.

அதன் 4ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் இந்தத் தொழிலில் ஈட்டும் வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயது தாண்டிய எவரும் குற்றவாளி, இரண்டு ஆண்டு வரை சிறை. புரோக்கருக்காக எழுதிய பிரிவுதான். ஆனால் தாய் கட்டும் ஃபீஸில் கல்லூரிக்குப் போகிற மகனும் அதில் அடங்குவான், அவள் கவனித்துக்கொள்கிற வயதான அம்மாவும் அடங்குவாள். முதலில் இந்தப் பிரிவைத் திருத்துங்கள். சுரண்டுகிறவனை மட்டும் பிடிக்கிற மாதிரி எழுதுங்கள். ஒழுக்கத்தைப் பற்றி அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், நானும் வருகிறேன்.