மோதிரம் வேண்டாம் என்ற கிழவர்

யாரைப் பார்த்து நடக்க ஆசைப்படுகிறாய் என்று யாராவது கேட்டால், தயங்காமல் கேண்டால்ஃப் என்பேன். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கதைகளில் சாம்பல் நிற அங்கியும் கூர்த்தொப்பியும் கையில் கோலுமாக வருகிற அதே கிழட்டு மந்திரவாதிதான். "வாழ்ந்து காட்டிய பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது ஒரு கற்பனைப் பாத்திரத்தையா சொல்வாய்?" என்று போன வாரம் அண்ணன் கேட்டார். தொலைபேசியில் அவருக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

1954இல் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தின் இரண்டாம் அத்தியாயம். ஃப்ரோடோ என்ற ஹாபிட்டின் (குள்ள இனத்தவன்) வீடு. கணப்பில் நெருப்பு எரிகிறது. கேண்டால்ஃப் அவனிடமிருந்து மோதிரத்தை வாங்கி அந்த நெருப்புக்குள் எறிகிறார். சற்று நேரம் கழித்து இடுக்கியால் அதை வெளியே எடுத்துப் போட்டு, உடனே வெறும் விரலால் தூக்கி, சுடவே இல்லை பார் என்று அவன் உள்ளங்கையில் வைக்கிறார். மோதிரத்தின் மேல் நெருப்புக் கோடுகளாக எழுத்துகள் தெரிகின்றன. உலகத்தையே அடிமைப்படுத்தும் சக்தி கொண்ட மோதிரம் இதுதான் என்பது உறுதியாகிவிடுகிறது. பயந்துபோன ஃப்ரோடோ, அறிவும் ஆற்றலும் உள்ளவர் நீங்கள், நீங்களே இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். கேண்டால்ஃப் துள்ளி எழுந்து, முடியாது என்று கத்துகிறார்.

சில நிமிடங்களுக்கு முன்பு அவர் விரல்களுக்கு இடையில் இருந்த அதே மோதிரம்தான். இப்போது பாதுகாப்பாக வைத்திருப்பதற்குக்கூட வாங்க மாட்டேன் என்கிறார். அதற்கு அவர் சொல்கிற காரணத்தில்தான் நான் விழுந்தேன். பேராசையோ பழிவாங்கும் வெறியோ அவரைக் கவிழ்த்துவிடும் என்று அவர் அஞ்சவில்லை. இரக்கத்தின் வழியாகத்தான் அந்த மோதிரம் தன் மனத்துக்குள் நுழையும் என்கிறார். எளியவர்கள் மீது பரிவு, அவர்களுக்கு நல்லது செய்ய வேண்டும், அதற்குப் பலம் வேண்டும் என்கிற ஆசை. அந்த வாசல் வழியே உள்ளே வந்து தன்னையே இன்னொரு கொடுங்கோலனாக்கிவிடும் என்கிறார்.

கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பிரதியில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "எல்லாம் உன் நன்மைக்குத்தான்" என்ற வாக்கியத்தைக் கேட்டு வளராதவர்கள் நம்மில் யார்? நான் என்ன படிக்க வேண்டும் என்பதை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் முடிவு செய்தார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. என் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். பிறர் வாழ்க்கையைக் கையில் எடுத்துக்கொள்கிற ஆசை அன்பின் முகத்தோடுதான் வரும் என்று எனக்கு முதன்முதலாகச் சொன்னது பள்ளிப் பாடமும் அல்ல, உபதேசமும் அல்ல. ஒரு மந்திரவாதிக் கதை.

கேண்டால்ஃப் யார் என்று தெரிந்தால் அந்த மறுப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். அவர் மனிதர் இல்லை. தேவகணத்தில் ஒருவர், அங்கே அவர் பெயர் ஓலோரின். 1977இல் வந்த 'தி சில்மரில்லியன்' அவரை அந்தக் கணத்திலேயே மிகுந்த ஞானம் உடையவர் என்கிறது. துயரத்தின் தேவியான நியென்னாவிடம் இரக்கத்தையும் பொறுமையையும் கற்றவர் என்றும் சொல்கிறது. அந்த மோதிரத்தைச் செய்த கொடுங்கோலன் சௌரானை எதிர்க்க மக்களுக்குத் துணையாக ஐந்து பேரைக் கிழவர் வடிவில் அனுப்புகிறார்கள். டோல்கீன் விட்டுச்சென்ற குறிப்புகளை அவர் மகன் கிறிஸ்டோஃபர் 1980இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதில் ஒரு காட்சி வருகிறது. நீ போகிறாயா என்று ஓலோரினிடம் கேட்கிறார்கள். எனக்குப் பலம் போதாது, சௌரானை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது என்கிறார் அவர். அப்படியானால் நீ போவதற்கு அது இன்னும் கூடுதல் காரணம் என்று பதில் வருகிறது. பயம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிற அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அனுப்பும்போதே ஒரு கட்டுப்பாடும் போடுகிறார்கள். சௌரானின் பலத்தைத் தன் பலத்தால் மோதக் கூடாது. எல்ஃபுகளையோ மனிதர்களையோ அச்சுறுத்தியோ வலுக்கட்டாயமாகவோ ஆளக் கூடாது. அதனால்தான் அந்தப் பெரிய நாவல் முழுவதும் தேடினாலும் அவர் செய்கிற மாயவித்தைகள் கொஞ்சமாகவே கிடைக்கின்றன. வாணவேடிக்கை, பனிமலையில் ஈர விறகைப் பற்றவைப்பது, இருட்டில் கோல் நுனியில் சிறு வெளிச்சம், மோரியா என்ற பாழடைந்த சுரங்க நகரத்தின் பாலத்தை உடைப்பது, இப்படிச் சில. மற்ற நேரமெல்லாம் நடக்கிறார், விசாரிக்கிறார், சண்டை போட்டவர்களைச் சேர்த்துவைக்கிறார். அந்த மோதிரம் எது என்று கண்டுபிடித்ததும் மாயக்கண்ணாடியில் பார்த்து அல்ல. மினாஸ் திரித் நகரத்துச் சுவடி அறையில் உட்கார்ந்து, யாரும் புரட்டாமல் கிடந்த பழைய ஓலை ஒன்றைத் தேடி எடுத்துப் படித்துத்தான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அந்த மண்ணில் அலைந்தவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை, சொத்து இல்லை, சீடர் கூட்டம் இல்லை.

சாருமானை எதிரே வைத்துப் பார்த்தால் இது துலக்கமாகப் புரியும். அவரும் அதே ஐவரில் ஒருவர், அவர்களுக்குத் தலைவரும்கூட. தன் கோபுரத்துக்கு கேண்டால்ஃபை வரவழைத்து அவர் பேசுகிற பேச்சைக் கவனியுங்கள். அறிவு, ஆட்சி, ஒழுங்கு ஆகிய நல்ல நோக்கங்களுக்காகத்தான் நாம் இத்தனை காலம் பாடுபட்டோம், நோக்கம் மாறப்போவதில்லை, வழி மட்டும்தான் மாறுகிறது என்கிறார். எவ்வளவு நியாயமாக ஒலிக்கிறது! மேடைகளிலும் கூட்டங்களிலும் குடும்பத்துப் பஞ்சாயத்துகளிலும் இந்தக் குரலை நாம் கேட்டிருக்கிறோம். கேண்டால்ஃப் சம்மதிக்கவில்லை. கோபுர உச்சியில் சிறை வைக்கப்படுகிறார். பின்னால் சாருமான் தோற்றுப்போய் அதே கோபுரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது, இறங்கி வா, நீ விரும்பிய இடத்துக்குச் சுதந்திரமாகப் போகலாம் என்று கூப்பிடுகிறவரும் கேண்டால்ஃப்தான். வென்றவர் வாயிலிருந்து வருகிற அந்த அழைப்பு எனக்குப் போர்க்காட்சிகள் எல்லாவற்றையும்விட உயர்ந்தது.

அவரைச் சாந்தமூர்த்தி என்று நினைத்துவிடக் கூடாது. பொசுக்கென்று கோபம் வரும். மோரியாவில் ஒரு பழைய காவல் அறையில் தங்குகிறார்கள். அங்கே ஒரு பாழுங்கிணறு. எவ்வளவு ஆழம் என்று பார்க்கிற ஆசையில் பிப்பின் என்ற இளைய ஹாபிட் ஒரு கல்லைத் தூக்கிப் போடுகிறான். வெகுநேரம் கழித்துக் கீழே தண்ணீர்ச் சத்தம். பிறகு எங்கோ ஆழத்தில் சுத்தியலால் தட்டுவதுபோல ஓர் ஒலி. முட்டாளே, அடுத்த முறை நீயே குதித்துவிடு, தொல்லை தீரும் என்று கேண்டால்ஃப் திட்டித் தீர்க்கிறார். முதல் காவலும் நீயே பார் என்று தண்டனையும் கொடுக்கிறார். இருட்டில் நடுங்கிக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு மணி நேரம் போனதும் கிழவர் எழுந்து வருகிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை, நீ போய்ப் படுத்துக்கொள் தம்பி, காவலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். கண் சொக்கும்போது பிப்பின் கடைசியாகப் பார்ப்பது, தரையில் குந்தியபடி முடிச்சு விழுந்த கைகளுக்குள் கனலைப் பொத்திவைத்துக்கொண்டு புகைபிடிக்கிற அந்தக் கிழவரைத்தான். இரண்டு நாள் கழித்து அதே மோரியாவில் பால்ரோக் என்ற தீப்பூதத்தின் முன் பாலத்தில் தனியாக நின்று மற்றவர்களைத் தப்பவைத்து விழப்போகிறார் அவர். உலகம் கொண்டாடுவது அந்தப் பாலத்தை. எனக்கு அந்தக் காவல் அறை இரவு போதும். திட்டிவிட்டு, தூங்க அனுப்பிவிட்டு, அவன் காவலைத் தானே பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைப்பார்கள்!

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, தொல்லியல் படிக்கப்போகிறேன் என்றாள். கட்டணம் கட்டுகிறவன் நான். பொறியியல் கல்லூரியில் நல்ல இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண்ணும் இருந்தது. உறவினர் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "மாமா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்டுக்கொள்வாள்" என்றார் என் மைத்துனர். உண்மைதான், கேட்டிருப்பாள். அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது, அதுவும் முழுக்க முழுக்கப் பாசத்தால் வந்த வார்த்தை. நான் அதைச் சொல்லவில்லை. அந்தத் துறையில் இருக்கிறவர்களிடம் அவளை அழைத்துப் போனேன். அகழாய்வுக் குழி ஓரத்தில் வெயில் சாயும்வரை நின்று பார்க்க வைத்தேன். வேலை கிடைப்பது பற்றி எனக்குத் தெரிந்த கசப்பான விஷயங்களையும் மறைக்காமல் சொன்னேன். அதற்குமேல் முடிவை அவளிடம் விட்டுவிட்டேன். இப்போது முதுகலை படிக்கிறாள். நாளைக்கு அவளுக்கு எந்த மாதிரி வேலை அமையும் என்று எனக்கு இன்றும் கவலை இருக்கிறது. ஆனால் அவள் கையில் இருக்கிற வாழ்க்கை அவளுடையது. அந்தச் சமயத்தில் என் மனத்தில் நின்ற முகம் எந்தத் தலைவருடையதும் அல்ல. கணப்பின் முன் எழுந்து நின்று முடியாது என்று கத்திய கிழவருடையது.

"அவ்வளவு ஞானி என்றால், முன்பு மோதிரத்தை வைத்திருந்து அதற்கே அடிமையாகிப்போன கோல்லம் போன்ற வஞ்சகனை ஏன் உயிரோடு விட்டுவைத்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஃப்ரோடோவும் அதைத்தான் கேட்கிறான், அவன் சாகத் தகுந்தவன் என்கிறான். தகுந்தவன்தான் என்று கேண்டால்ஃப் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வாழத் தகுந்தும் செத்துப்போனவர்களுக்கு உன்னால் உயிர் கொடுக்க முடியுமா, முடியாதென்றால் மரணத் தீர்ப்பு சொல்ல அவ்வளவு அவசரப்படாதே என்கிறார். கடைசியில் மோதிரத்தை அழிக்கவென்றே போய்ச் சேர்ந்த எரிமலை விளிம்பில் ஃப்ரோடோவால் அதை எறிய முடியவில்லை. என்னுடையது என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். கோல்லம் பாய்ந்து அந்த விரலைக் கடித்துத் துண்டாக்கி, மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறான். உலகம் தப்பியது அன்றைக்கு விட்டுவைத்த அந்த உயிரால். கேண்டால்ஃப் இதை முன்கூட்டிக் கண்டுவிடவில்லை. நல்லதற்கோ கெட்டதற்கோ அவனுக்கு இன்னும் ஏதோ ஒரு பங்கு இருக்கும் என்று மட்டும் அவர் மனம் சொன்னது. எல்லாம் தெரிந்துகொண்டு இரக்கம் காட்டுவது பெரிய காரியம் இல்லை. தெரியாமலேயே காட்டினார் பாருங்கள், அதற்குத்தான் துணிவு வேண்டும்.

இந்த நம்பிக்கையை எழுதியவர் உலகம் தெரியாத அப்பாவி அல்ல. டோல்கீன் முதல் உலகப்போரில், 1916இல் சோம் போர்க்களத்தில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தவர். 1918க்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரையும் இழந்துவிட்டதாகப் பின்னாளில் தன் முன்னுரையில் எழுதினார். அவர் பத்திரமாக வைத்திருந்த ஓர் அஞ்சலட்டை உண்டு. மட்லெனர் என்ற ஜெர்மன் ஓவியரின் படம். பைன் மரத்தடியில் பாறைமேல் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை மான்குட்டி ஒன்று அவர் கைகளை முகர்ந்து பார்க்கிறது. அதைச் சுற்றிவைத்திருந்த தாளில் கேண்டால்ஃபின் தோற்றுவாய் என்று டோல்கீன் குறித்துவைத்திருந்தார். வாளும் மின்னலும் இல்லாத ஒரு படத்திலிருந்து அந்த மந்திரவாதி பிறந்தார் என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

திரைப்படங்களில் இயன் மெக்கெல்லன் அவரை உயிரோடு நிறுத்திவிட்டார், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேண்டால்ஃப் செய்த மிகப் பெரிய காரியம் அந்தப் படங்களில் இல்லவே இல்லை. போர் முடிந்து நான்கு ஹாபிட்டுகளும் ஊர் திரும்புகிறார்கள். அவர்களுடைய ஊரான ஷயரில் ஏதோ கோளாறு என்று வழியிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்கள் கூட இருக்கிறீர்களே, எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் நால்வரில் ஒருவனான மெர்ரி. நான் ஷயருக்கு வரவில்லை, உங்கள் ஊர் விவகாரத்தை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள், இத்தனையும் பழகியது அதற்குத்தான், நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, வேறொரு நண்பரைப் பார்த்துப் பேசப் பாதை மாறிப் போய்விடுகிறார் கிழவர்.

அவர் வந்திருந்தால் ஷயரைப் பிடித்துவைத்திருந்த அடியாட்கள் பார்த்த மாத்திரத்தில் ஓடியிருப்பார்கள். அவர் வராததால் மெர்ரி கொம்பு ஊதி ஊரை எழுப்ப வேண்டியிருக்கிறது. கிணற்றில் கல் போட்ட பிப்பின் குதிரையேறிப் போய்த் தன் உறவுக்கூட்டத்தில் நூறு பேரைத் திரட்டி வர வேண்டியிருக்கிறது. பைவாட்டர் சண்டையில் அடியாட்கள் எழுபது பேர் அளவில் மடிகிறார்கள். ஹாபிட்டுகள் 19 பேர் உயிரிழக்கிறார்கள். விலை சிறியதல்ல. ஆனால் அதற்குப் பிறகு ஷயர் யாருடைய கருணையாலும் பிழைத்த ஊர் இல்லை. படத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் மூன்றாம் பாகத்தின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தையாவது தேடிப் படியுங்கள். அதில் கேண்டால்ஃப் ஒரு வரியில்கூட நேரில் வரமாட்டார். அவரை என் நாயகன் என்று சொல்வதற்கு என்னிடம் உள்ள மிக வலுவான ஆதாரம் அந்த அத்தியாயம்தான்.