மணலில் பழகி, பலகையில் குதிக்கிறார்கள்

மும்பையின் வி.அன்பீட்டபிள் என்ற சாகச நடனக் குழு 2020-இல் 'அமெரிக்காஸ் காட் டேலண்ட்: தி சாம்பியன்ஸ்' என்ற அமெரிக்க டிவி போட்டியில் பட்டம் வென்ற கதையை உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். 2019-இல் 'அமெரிக்காஸ் காட் டேலண்ட்' போட்டியில் ரஜினி படப் பாட்டுக்கு ஆடினார்களே, அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அந்த வீடியோ சுற்றாத ஃபோன் கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தைச் சட்டென்று தாண்டிவிட்டீர்கள். பயிற்சியில் விழுந்து அடிபட்டு இறந்துபோன நண்பனின் நினைவாகத்தான் குழுவின் பெயரில் அந்த 'வி' இருக்கிறது. இங்கேயும் பையன்கள் தாமிரபரணி மணலில்தான் பல்டி பழகுகிறார்கள். மணல் தாங்கும். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற பலகை மேடை தாங்குமா? இரண்டு பலகை சேருகிற இடத்தில் ஆணி தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், மேலே ஒரு ஜமுக்காளம். மூன்று ஆள் உயரத்திலிருந்து அதில் குதிக்கிறான்!

டிவி போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. போகட்டும், ஜெயிக்கட்டும். அப்புறம், கொடையில் ஆடுகிற நம் கணியான் கூத்தையும் அங்கே அனுப்பலாமே என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். சுடலைமாடன் கொடையில் மகுடம் என்கிற தோல் மேளத்தைத் தீயில் காட்டித் தோலை விறைப்பாக்கி அடிக்க ஆரம்பித்தால், சலங்கை கட்டியவர்கள் விடிய விடிய ஆடுவார்கள். அதை ஓரிரு நிமிடத்துக்குள் அடக்கினால் என்ன மிஞ்சும்? அவர்களுக்குக் கொடைச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள், போதும். கொடைக்கு வரி பிரிக்கிற ஊர்க்காரர்கள் லைட் செட்டுக்கு ஒதுக்குவதில் கொஞ்சம் குறைத்து, பையன்களுக்கு நாலு மெத்தையும் வாங்கிப் போடலாம்.