பிடித்து வைத்த கூலி

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆராதனைக்குத் தவறாமல் போவோம். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாட்களின் அமைதியில் ஆண்டவர் என்னோடு பேசியிருக்கிறார். ஆனால் சில வருஷங்களுக்கு முன் ஒரு லெந்து ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு ஆலயத்தில் நிருபம், அதாவது அப்போஸ்தலர் எழுதின கடிதம், வாசிப்பது என் முறை. யாக்கோபு ஐந்தாம் அதிகாரம். "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்ற இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. எப்படியோ முடித்துவிட்டு இடத்தில் வந்து உட்கார்ந்தேன். பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

வீடு கட்டியபோது கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டிய கடைசிக் கணக்கில் 12,000 ரூபாயை நான் பிடித்து வைத்திருந்தேன். மாடிச் சுவர்ப் பூச்சில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று காரணம் சொன்னேன். பூச்சு வேலை முடிந்ததும் சுவருக்கு ஒழுங்காகத் தண்ணீர் அடிக்க வேண்டியது என் பொறுப்பு. நான் அடிக்கவில்லை, அதனால்தான் வெடித்தது. இது எனக்குப் பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை. அவர் இரண்டு தடவை வந்து கேட்டார். அப்புறம் வரவில்லை. நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் மாதாமாதம் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து எடுத்தேன். முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொன்னேன். கண்ணீர்கூட விட்டிருக்கிறேன். அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு சொட்டும் அந்த மனிதர் வீடு வரை போகவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். "அண்ணாச்சி, தப்பு என் மேலதான், மன்னிச்சிருங்க" என்றேன். அவர் வாங்கி எண்ணிப் பார்த்தார். கோபப்படவில்லை. "இத அப்பமே தந்திருந்தீங்கன்னா, பிள்ளைக்கு பீஸ் கட்ட மூணு வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டேன் சார்" என்றார். ஒன்றரை வருஷம் வட்டி கட்டியிருக்கிறார். மாதம் 360 ரூபாய். திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குதான் ஓடியது. 6,480 ரூபாய். நான் அசலைக் கொடுத்துவிட்டு மனந்திரும்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு லூக்கா பத்தொன்பதில் வரும் சகேயுவின் கதையைத் திரும்ப எடுத்து வாசித்தேன். சகேயுவை நமக்கெல்லாம் ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். குள்ளமானவன், காட்டத்தி மரத்தில் ஏறினவன். மரம் ஏறினதைச் சொல்லும் அளவுக்கு அவன் போட்ட கணக்கை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. எரிகோ பணம் புழங்கிய ஊர். வாசனைப் பிசின் தரும் பால்சம் மரத்தோட்டங்களுக்குப் பேர்போனது, வியாபாரிகள் போய்வரும் பாதையில் இருந்தது. அங்கே ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்கு, சகேயு தலைவன் என்றால் சும்மா இல்லை. அந்தக் காலத்து வரி வசூல் பெரும்பாலும் குத்தகை மாதிரி. ஒரு தொகைக்கு எடுத்துவிட்டு, அதற்கு மேல் வசூலாவதைத் தானே வைத்துக்கொள்ளலாம். அந்த "அதற்கு மேல்" முழுக்க யாரோ ஒருவன் வீட்டு அரிசிப் பானையிலிருந்து வந்ததுதான்.

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தின்படி, குற்றத்தை ஒத்துக்கொள்கிறவன் அசலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். என் கணக்குக்கு அது 2,400 ரூபாய். சகேயு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை. அநியாயமாய் வாங்கினதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். நாலு மடங்கு என்பது யாத்திராகமத்தில் ஆட்டைத் திருடி விற்றவனுக்கு உள்ள தண்டனை. அவனைத் திருடன் என்று எந்த நியாயஸ்தலமும் தீர்க்கவில்லை, அவனே தன்னைத் திருடனாக வைத்துக் கணக்குப் போட்டான். இதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

லேவியராகமத்தில் இன்னொன்றும் உண்டு. முதலில் உடையவனுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் பலிக்கான ஆட்டுக்கடாவோடு ஆசாரியனிடம் வர வேண்டும். இயேசுவும் மத்தேயு ஐந்தில் இதே வரிசையைத்தான் சொல்கிறார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார். நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். ஆண்டவரிடம் மன்னிப்பு வாங்கிவிட்டால், பாதிக்கப்பட்ட மனிதனைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஆகிவிட்டது.

"அப்போ கிரியையினால், அதாவது நம் நற்செயலால், இரட்சிப்பு என்கிறீர்களா?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. சகேயு ஒரு காசு கொடுப்பதற்கு முன்பே இயேசு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். கிருபைதான் முந்தி வந்தது. ஆனால் வந்த கிருபை அவனுடைய பணப்பெட்டியைத் திறந்தது. என் பெட்டி திறக்கவில்லை என்றால், என் வீட்டுக்கு வந்தது எது என்று நான் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

சபைக்கும் இதைத்தான் சொல்வேன். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது, உடனே ஒழிய வேண்டும் என்று எழுதி அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விட மனமில்லாமல் ஆலயத்தை விட்டே போனார்கள். அது நடந்து 190 வருஷம் தாண்டிவிட்டது. ஒரே அப்பத்தைப் பிட்டவர்களைச் செத்த பிறகு தனித்தனிக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கிற ஊர்கள் இன்றைக்கும் நம் மாநிலத்தில் இருக்கின்றன. அந்தப் பிரிவினைச் சுவர் நிற்கும்வரை நாம் எத்தனை உபவாசக் கூட்டம் போட்டாலும் அந்தப் பாவம் அப்படியேதான் நிற்கிறது.

மறுபடியும் கொத்தனார் வீட்டுக்கு வட்டிப் பணத்தோடு போனேன். வேண்டாம் என்றார். அவர் வீட்டு அக்காதான் "வாங்குங்க, அவரு மனசு ஆறட்டும்" என்று சொல்லி வாங்க வைத்தார். டீ கொடுத்தார்கள். நாலு வருஷமாக அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவன், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

இதோடு முடியும் என்று நினைத்தேன், முடியவில்லை. ஒன்றைத் திறந்தால் அடுத்தது தெரிகிறது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனுடைய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அப்பா உயில் எழுதவில்லை. அவர் இறந்த நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு, என் கூடப்பிறந்த அக்காவிடம், சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்று மாமா, சித்தப்பா எல்லோரும் சொன்னார்கள். அக்கா ஒன்றும் பேசவில்லை. நம் வீடுகளில் அக்காமார் பேசுவதில்லை, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

போன வாரம் அக்காவுக்குப் போன் பண்ணி, அப்பாவின் தோப்பில் உன் பாதியை உன் பேருக்கு எழுதி வைக்கப்போகிறேன் என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்பா வச்ச அந்தக் கிணத்தடி மாமரம் இன்னும் நிக்குதாடா?" என்று கேட்டாள். நிற்கிறது என்றேன். மே மாதம் பிள்ளைகளோடு வருகிறாள். பத்திர எழுத்தரிடம் பேசியிருக்கிறேன்.