ஆச்சிமார் எழுதியவை குப்பை அல்ல

அந்தக் கல்லூரி விழா மேடையில் பேசப்பட்டதை நீங்கள் எல்லோரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். பேசியவர் யார், எந்தக் கல்லூரி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆவணக் காப்பகத்தில் பெரிய மனிதர்களின் கடிதங்கள் மட்டும் இருந்தால் போதும், ஆச்சிமார் புளி விலையும் மருமகள் சண்டையும் எழுதிய தாள்களுக்கு எதற்கு ஓர் அறை, கொடுத்தவர்களே எடுத்துப் போகட்டும் என்றார். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் எங்கள் செட்டிநாட்டு ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து, இந்த மாதத்துக்குள் கடிதக் கட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி குடும்பங்களுக்குக் கடிதமும் வந்துவிட்டது.

அந்தக் கட்டுகளில் ஒன்று என் அப்பத்தாவுடையது.

அவை குப்பை அல்ல. இதை மறுபடியும் மறுபடியும் சொல்லத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, அதாவது அப்பத்தாவின் கணவர், 1930களில் பர்மாவின் ரங்கூனில், மொகல் தெருவில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கி ஒன்றில் அடுத்தாளாக, முதலாளியின் முகவருக்கு உதவியாளராக, இருந்தவர். ஒரு முறை போனால் மூன்று வருடக் கணக்கு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் வீடுகளில் அந்த மூன்று வருடமும் பெண்கள்தான் வளவை, அந்தப் பெரிய கூட்டு வீட்டை, கட்டிக் காத்தார்கள். ஊருணி நிறைந்ததா, பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைத்தோம், யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த நிலத்தை விற்க வருகிறார்கள் என்று எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லி எழுத வைத்தார்கள். கணவனிடம் சொல்ல வேண்டியதைக் கணக்கப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதற்காகவே கல்யாணத்துக்குப் பிறகு எழுத்துப் படித்தவள் என் அப்பத்தா. முதல் கடிதத்தில் ஒவ்வோர் எழுத்தும் சுண்டைக்காய் அளவுக்கு இருக்கும். மூன்றாம் வருடத்தில் ஒரே தாளில் ஊரையே எழுதி முடித்துவிடுகிறாள். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், அதற்குக் கீழே மழை. மழை இல்லாத வருடத்தில் புளி விலை. சிரிப்பு வந்த அந்தப் புளி விலை!

ஐயாவின் கடிதங்களை அவள் ஆளோடியில், வீட்டு நடைபாதையில், மாட்டியிருந்த கம்பியில் குத்தி வைத்தாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கம்பி உண்டு. ஒவ்வொரு தாளின் நடுவிலும் ஓர் ஓட்டை, ஆனால் தேதி வரிசை பிசகவே பிசகாது. கணக்கு முடிந்து ஊருக்கு வந்தபோது ஐயா அவளுடைய கடிதங்களையும் பெட்டியில் கொண்டுவந்தார். அவர் மறுபடி போனபிறகு அவள் எழுதியவை ரங்கூனிலேயே போயின. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கையில். ஐயா அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங் வந்து சேர்ந்தார், கட்டிய வேட்டியோடு. கம்பியில் கடைசியாக இருக்கும் கடிதம் 1941 நவம்பர் தேதியிட்டது. அதற்குப் பிறகு கம்பியில் வெறும் இரும்புதான் மிச்சம்.

இந்தக் கட்டைத்தான் கல்லூரிக்குக் கொடுத்தேன். அன்றைய நூலகர் துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இராமபாணப் பூச்சி அரித்த ஓரங்களைத் தனியே பிரித்து வைத்தார். கம்பியின் வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் எண் போட்டார். "தாயே, வரிசைதான் இதற்கு உயிர்" என்றார். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் போட்ட வரிசையைச் சாக்கில் கொட்டித் திருப்பித் தர ஏற்பாடு நடக்கிறது.

இடம் இல்லை என்கிறார்கள். ஓர் அலமாரி. அந்த அறையைக் குளிரூட்டிய கருத்தரங்கக் கூடமாக மாற்றப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இடம் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு விருப்பம் இல்லை.

படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டுத் தாளைத் தூக்கிப் போட்டால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். படம் எடுங்கள், நல்லதுதான். ஆனால் தாளில் இருப்பதெல்லாம் படத்தில் வந்துவிடாது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது, நம் தபால்தலைகளின் மேலேயே பர்மா என்று அச்சடித்து விற்றார்கள். ஐயாவின் கடிதங்களில் அந்த மாற்றம் தெரியும். போர்க் காலத்து உறைகளில் தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்து மறுபடி ஒட்டிய தாள் இருக்கும். மங்கிப் போன ஒரு வரியை நாளைக்கு வேறு வெளிச்சத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கும். அதற்குத் தாள் வேண்டும். கல்லூரி வேண்டாம் என்று வெளியே தள்ளும் தாள் எங்கே போகும் என்பதும் நமக்குத் தெரியாததா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தபால்தலைகளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். தேக்குத் தூணுக்கு விலை உண்டு, பீங்கான் ஜாடிக்கு விலை உண்டு. நம் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் இடம் பெற்றன என்று பெருமைப்படுகிறோம். அந்த வீடுகளுக்குள் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும் தாளை மட்டும் எடைக்குப் போடுகிறோம்.

குடும்ப அந்தரங்கம் என்பவர்களுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அது நியாயமான கவலை. மாமியாரைப் பற்றி அப்பத்தா எழுதியவை சில இருக்கின்றன, அந்தக் கிளையினர் இன்றும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். அதற்குத்தான் கொடுக்கும்போதே நிபந்தனை எழுதிக்கொள்வது. இத்தனை வருடம் இந்த உறையைப் பிரிக்கக் கூடாது, பெயர்களை வெளியிடக் கூடாது என்று எழுதினால், நல்ல காப்பகம் அதற்குக் கட்டுப்படும். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் குடும்பக் கடிதங்கள் அமெரிக்காவில் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன. பழைய ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரியின் நூலகம் அது. பெண்களின் காகிதங்களுக்கென்றே அங்கே நூலகம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் அந்தரங்கம் இல்லையா? அந்தரங்கம் என்று இன்று உருகுகிற உறவினர்களில் ஒருவராவது பத்து வருடத்துக்கு முன், அந்தப் பெட்டி மாட்டுக் கொட்டகைப் பரணில் கறையானுக்குக் கிடந்தபோது வந்து பார்த்தீர்களா?

இன்னொரு பேச்சு. வட்டிக்கு விட்ட குடும்பத்துக் கடிதத்தில் என்ன பெருமை இருக்கிறது, பர்மாக்காரன் நிலத்தைப் பிடுங்கிய கதைதானே என்று ஒருவர் எழுதியிருந்தார். பெருமைக்காக நான் கொடுக்கவில்லை ஐயா. 1930இல் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938க்குள் 25 சதவீதமானது. இது அரசு அறிக்கைக் கணக்கு. நிலத்தை விட்டுப் போன ஒரு குடும்பம் கிட்டங்கி வாசலில் நின்று அழுததை 1935இல் ஐயா எழுதியிருக்கிறார், இரவு தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அதற்கு அப்பத்தாவின் பதிலில் ஊஞ்சல் பலகைக்குத் தேக்கு என்ன விலை என்ற கேள்வி இருக்கிறது. அழுதவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்பச்சி, என் அப்பா, "அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடு" என்றார். நான் எடுக்கவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள் எழுதியது அது. அந்தப் பர்மியக் குடும்பத்தின் பேரப் பிள்ளை நாளைக்கு ஒருநாள் தேடி வந்தால், அவர்கள் அழுததற்கு எழுத்தில் சாட்சி இருக்க வேண்டும். கொடுத்தால் முழுதாகக் கொடுக்க வேண்டும்.

பெரிய மனிதர் எழுதினால்தான் ஆவணம் என்பவர்கள் ஆனந்தரங்கப் பிள்ளையைப் படித்ததுண்டா? 1736இல் தொடங்கி 1761 வரை புதுச்சேரியில் ஒரு வணிகர் தமக்காக எழுதி வைத்த நாட்குறிப்பு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயும் வருகிறார், வீட்டுக் கல்யாணமும் சரக்கு விலையும் வருகின்றன. விலையை எழுதினார் என்று அவரை யாரும் தள்ளிவிடவில்லை. காந்தியின் எழுத்துகளை 100 தொகுதிகளாக வெளியிட்டார்கள். நோயாளிக்கு என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதிய கடிதங்களும் அதில் உண்டு. அவர் எழுதினால் வரலாறு, என் அப்பத்தா எழுதினால் ஊர்வம்பா? பெண் என்பதாலா, பணக்காரி இல்லை என்பதாலா? அதைத்தான் மேடையில் கேட்டிருக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்த அண்ணன்மாரே, உங்கள் வீட்டு ஆச்சிமாரும் அந்தச் சிரிப்பில் இருந்தார்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நினைத்துக்கொள்கிறேன். நாடக நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் கூட அவர் சேர்த்து வைத்தார். அன்றைக்கும் அவற்றைக் குப்பை என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். 1992இல் அவர் காலமானார். அவர் சேர்த்ததைக் காப்பாற்றச் சிகாகோ பல்கலைக்கழகம்தான் வந்தது. இங்கே கோயிலுக்கும் கல்லூரிக்கும் கோடி கோடியாகக் கொடுத்த சமூகம் நாம். தம் சொத்தையே கல்விக்கு எழுதி வைத்த அழகப்பச் செட்டியார் பிறந்ததும் அதே கோட்டையூரில்தான். அந்த மண்ணில் ஓர் அலமாரிக்குப் பஞ்சம் என்று கேட்கும்போது கோபம் வருகிறது, கோபத்தை விட அதிகமாக வெட்கம் வருகிறது.

நான் பதில் அனுப்பிவிட்டேன். கட்டைத் திரும்ப வாங்கக் கையெழுத்துப் போடமாட்டேன். நன்கொடையாக ஏற்றுக்கொண்டதற்கு அவர்கள் கொடுத்த ரசீது என்னிடம் இருக்கிறது, அதன் நகலையும் இணைத்திருக்கிறேன். மேடைப் பேச்சுக்கு மன்னிப்பு எனக்கு வேண்டாம். அறை மாறினாலும் வரிசை கலையக் கூடாது, பட்டியல் அச்சாக வேண்டும், பொறுப்பாக ஒரு நூலகர் நியமிக்கப்பட வேண்டும், இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல்வரைப் பார்க்கப் போகிறேன். அந்தக் காப்பகத்துக்குக் கடிதங்கள் கொடுத்த குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால், உங்கள் ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு கூட வாருங்கள். ரசீது இல்லாவிட்டாலும் வாருங்கள்.